காயம்பட்டவரின் கையில் கமரா

கடற்கரையைப் படம் எடுப்பதைப்போல எளிதான காரியம் பிறிதொன்றில்லை எனப் பலரும் எண்ணுகின்றனர். ஒருபுறம் நீர், மறுபுறம் மணல், மேலே வானம். மாலை வேளையாயின் சூரியனும் துணைக்கு வந்துவிடுகின்றது. பொத்தானை அழுத்தினாற் போதும், படம் தானாகவே அழகாக அமைந்துவிடும். உல்லாசப் பயணத்துறையினர் அச்சிட்டு வழங்கும் வண்ணப் பிரசுரங்களைப் புரட்டிப் பார்த்தால், அது எந்த நாட்டின் கரை என்பதைப் பெயரை வாசித்தே அறியவேண்டியுள்ளது. எங்கும் அதே நீலம், அதே வெண்மணல், அதே வெறுமை.

அந்த வெறுமையே எம்மைச் சிந்திக்க வைக்கின்றது. கரை ஒருபோதும் வெறுமையாக இருப்பதில்லை. விடியுமுன் வள்ளம் தள்ளுபவரும், கரைவலை இழுப்பவரும், வாடியில் அமர்ந்து கிழிந்த வலையைத் தைப்பவரும், மீனைக் கீறி உப்பிட்டுக் காயவைப்பவரும் வாழும் இடம் அது. அவர்களை நீக்கிவிட்டு எடுக்கப்படும் படம் கரையின் படமன்று. பயணியின் ஆசையின் படமேயாகும்.

அப்படியாயின் கரையை உள்ளவாறு படம் எடுப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடும்போது, ஆறாத காயங்களை உடலிற் சுமந்தவாறு கரையோரங்களிற் கமராவுடன் பயணஞ்செய்த இருவர் எம் கண்முன் வருகின்றனர். ஒருவர் அமெரிக்கர், மற்றவர் பிரித்தானியர். போரினாற் காயப்பட்ட பலரைத் தன்னகத்தே கொண்டுள்ள எமது சமூகத்துக்கு இவ்விருவரது வரலாறும் முக்கியமான செய்தியொன்றைக் கூறுவதாக நாம் கருதுகின்றோம். காயம்பட்டவரைக் காணப்படும் பொருளாக மட்டுமே நாம் வைத்திருக்கின்றோம். காண்பவராக அவரை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதே அச்செய்தி.

ஒகினாவாவிலிருந்து மினமாட்டா வரை

யூஜின் சிமித் இரண்டாம் உலகப்போரின்போது 'லைஃப்' சஞ்சிகைக்காகப் பசுபிக் போர்முனையிற் பணியாற்றிய புகைப்படக் கலைஞர். 1945 மே மாதத்தில் யப்பானின் ஒகினாவாத் தீவில் எறிகணைச் சிதறல்கள் அவரது முகத்தையும் இடக்கையையும் கிழித்தன. அப்போது அவருக்கு வயது 26. அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சத்திரசிகிச்சைகளிலேயே கழிந்தன. மீண்டும் கமராவைப் பிடிக்க முடியுமா என்ற ஐயம் அவருக்கே இருந்தது. 1946 இல், காயம்பட்ட பின் முதன்முறையாக அவர் எடுத்த படம் போர்க்களத்தைப் பற்றியதன்று. தமது இரு குழந்தைகளும் கைகோத்து மரநிழலிலிருந்து வெளிச்சத்தை நோக்கி நடந்து செல்வதை அவர் படமாக்கினார். 1955 இல் நியூயோர்க் நவீன கலைக் காட்சியகம் நடத்திய 'மனித குடும்பம்' என்ற புகழ்பெற்ற கண்காட்சியின் நிறைவுப் படமாக அது அமைந்தது.

தம்மைக் காயப்படுத்திய யப்பானின் கரைக்கு அதே சிமித் 1971 இல் திரும்பிச் சென்றார். இம்முறை அவர் சென்றது கியூஷு தீவிலுள்ள மினமாட்டா என்னும் கரையோர நகருக்கு. அங்கிருந்த 'சிஸ்ஸோ' இரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலில் கலந்துவந்தது. பாதரசம் மீனிற் சேர்ந்தது. மீனை உண்டவரின் மூளையையும் நரம்பையும் தாக்கியது. முதலிற் பூனைகள் வெறிபிடித்தாற்போற் சுழன்று விழுந்தன. பின்னர் மனிதரின் கைகள் நடுங்கின, பார்வை குறுகியது, பேச்சுக் குழறியது. தாயின் கருவிலிருந்த குழந்தைகளையும் அந்நஞ்சு விட்டுவைக்கவில்லை. 1956 மே மாதத்தில் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. ஆயினும் அதன் காரணத்தை அரசு ஏற்றுக்கொள்வதற்கு மேலும் 12 ஆண்டுகள் சென்றன. இடைப்பட்ட காலத்தில், தொற்றுநோய் எனப் பயந்து அயலவரே நோயாளர் குடும்பங்களை ஒதுக்கிவைத்தனர். மீனவரின் மீனை வாங்குவாரில்லாமற் போயினர்.

சிமித் அங்கு மூன்று மாதங்கள் தங்குவதாகவே திட்டமிட்டிருந்தார். மூன்று ஆண்டுகள் தங்கினார். நோயாளரின் அயலில் வீடெடுத்து, அவர்கள் உண்டதை உண்டு, அவர்களுடன் வழக்காடு மன்றத்துக்கும் தொழிற்சாலை வாயிலுக்கும் சென்று வந்தார். 1972 சனவரியில், தோக்கியோவுக்கு அண்மையிலுள்ள கோயி என்னுமிடத்தில், அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்களால் அவர் கடுமையாகத் தாக்கப்பட்டார். கழுத்தும் முதுகும் பழுதடைந்தன, கண்பார்வை பாதிக்கப்பட்டது. ஒரு புகைப்படக் கலைஞனுக்கு இதைவிடக் கொடிய காயம் வேறென்ன இருக்கமுடியும்? எனினும் அவர் கரையை விட்டு அகலவில்லை. அதே ஆண்டு யூன் மாதம் 'லைஃப்' சஞ்சிகையில் அவரது படங்கள் வெளிவந்தன. 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் நோயாளருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1975 இல் 'மினமாட்டா' என்ற நூல் வெளிவந்தது.

அந்நூலின் அட்டையில் இரு பெயர்கள் உள்ளன என்பதை வாசகர்கள் மறந்துவிடலாகாது. சிமித்தின் துணைவியார் ஐலீன், யப்பானியத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்தவர். அவரே மொழிபெயர்த்தார், மக்களோடு உறவை ஏற்படுத்தினார், தாமும் படம் எடுத்தார். காயப்பட்ட கலைஞன் தனித்து நின்று சாதித்தான் என்று கதை கட்டுவது எளிது. உண்மை அதுவன்று. பிறர் தந்த கையைப் பற்றிக்கொள்ள அவர் கூசவில்லை என்பதே உண்மை.

லெஸ்போஸின் கூழாங்கற் கரையில்

இரண்டாமவர் கைல்ஸ் டூலி. இசைக் கலைஞர்களையும் நவநாகரிக உடைகளையும் படம் எடுத்துவந்த இவர், பின்னர் போரினாற் பாதிக்கப்பட்ட பொதுமக்களின் பக்கம் தம் கமராவைத் திருப்பினார். 2011 பெப்ரவரியில் ஆப்கானிஸ்தானில் புதைத்து வைக்கப்பட்டிருந்த வெடியொன்றில் கால்வைத்தார். இரு கால்களும் இடக்கையும் போயின. எஞ்சியது ஒரு வலக்கை மட்டுமே. அந்த ஒரு கையுடன் 2012 இல் மீண்டும் ஆப்கானிஸ்தானுக்குச் சென்று, காபூல் வைத்தியசாலையிற் கிடந்த காயக்காரரைப் படம் எடுத்தார்.

2015 ஆம் ஆண்டில் ஏதிலிகளாக ஐரோப்பாவை நோக்கி வந்தோரின் நிலையைப் பதிவு செய்யுமாறு ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஆணையகம் டூலியைக் கேட்டுக்கொண்டது. அவரது பயணம் கிறீஸ் நாட்டின் லெஸ்போஸ் தீவில் தொடங்கியது. அந்த ஓராண்டில் மட்டும் 8 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடல்வழியாகக் கிறீஸை அடைந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இறங்கியது லெஸ்போஸ் கரையிலேதான். துருக்கியின் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே உள்ளது. அவ்வளவு குறுகிய நீரிற் கவிழ்ந்த இறப்பர்ப் படகுகள் எத்தனை! உயிர்காப்பு அங்கிகள் மலைபோற் குவிந்து கிடந்தன.

அந்தக் கூழாங்கற் கரையில் இரு செயற்கைக் கால்களுடன் நின்று, ஒரு கையாற் கமராவைப் பிடித்துப் படம் எடுப்பது எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. செயற்கைக் கால் அணிந்த எவரும் அறிவர். சரியும் கல்லில் ஓட முடியாது. ஓடிவரும் படகைத் துரத்திப் பிடிக்க முடியாது. நின்ற இடத்தில் நின்று, வருபவரை எதிர்கொள்ளவே முடியும். டூலியின் படங்களிற் பெரும்பாலானவை முகங்கள். அவரைப் பார்க்கும் முகங்கள். தம் முன்னே நிற்பவனும் போரின் கையில் அகப்பட்டு மீண்டவன் என்பதை அவர்கள் கண்ட கணத்திலேயே அறிந்திருப்பர். அங்கே பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்துவிடுகின்றது. அவரது படங்கள் 2017 இல் நூலாக வெளிவந்தன.

காயம் வரமன்று

இங்கே ஓர் எச்சரிக்கை தேவையாகின்றது. காயம் மனிதனை உயர்த்தும், துன்பம் கலையை வளர்க்கும் என்றெல்லாம் எழுதுவோர் உள்ளனர். நாம் அவ்வாறு கூற முன்வரவில்லை. காயம் காயமே. சிமித் வாழ்நாள் முழுவதும் வலியுடன் போராடினார். மதுவும் அவரை அலைக்கழித்தது. 1978 இல் தமது 59 ஆவது வயதிற் காலமானார். அந்த எறிகணையும் அந்தத் தாக்குதலும் இல்லாதிருந்தால் அவர் இன்னும் எத்தனையோ படங்களை எடுத்திருப்பார் என்பதில் ஐயமில்லை. வலியைப் புகழ்பவர் பெரும்பாலும் வலியை அறியாதவராகவே இருப்பர்.

நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. காயம் இவ்விருவரையும் விரைந்து கடந்துபோக விடவில்லை. இருந்து பார்க்கவும், காத்திருக்கவும், பிறரிடம் உதவி கேட்கவும் அது அவர்களை நிர்ப்பந்தித்தது. உதவி கேட்பவன் விருந்தாளி. கேளாமற் புகுந்து எடுத்துக்கொண்டு போகின்றவன் வேட்டைக்காரன். உல்லாசப் பயணி கரைக்கு வேட்டைக்காரனாக வந்து போகின்றான். இவர்களோ விருந்தாளிகளாகத் தங்கினர். உடல்நலம் உள்ளவரும் விருந்தாளியாக இருக்கலாம். அதற்குக் காயம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

எம்மிடையே உள்ளவர்கள்

எமது சமூகத்தின் நிலை என்ன? எறிகணையாலும் மிதிவெடியாலும் குண்டுவீச்சாலும் அங்கமிழந்தோர் தாயகத்திலும் உளர். புலம்பெயர்ந்த நாடுகளிலும் உளர். ஒளிப்படத்துக்கும் அவர்களுக்கும் உள்ள தொடர்பு எத்தகையது? நிதி சேகரிக்கும் துண்டுப்பிரசுரத்தில் அவர்களது படம் இருக்கின்றது. மேடையின் பின்திரையில் இருக்கின்றது. சக்கர நாற்காலியை வழங்குபவர் சிரித்தபடி நிற்க, அதைப் பெறுபவர் தலைகுனிந்து இருக்கும் படத்தைக் காணாதவர் எம்மில் எவருமிலர். ஆனால் அவர் எடுத்த படம் எங்கே? அவர் கண்ட கரை எங்கே? அந்த இடம் வெறுமையாகவே உள்ளது.

புலம்பெயர்ந்த நாடுகளில் ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடை காலத்திற் பேருந்து பிடித்துக் கடற்கரைக்குச் சுற்றுலா செல்வது வழக்கம். சோறும் கறியும் கட்டிக்கொண்டு, பாட்டும் கலகலப்புமாகச் செல்லும் அப்பயணங்களைப் பாராட்டுகின்றோம். அப்பேருந்தில் ஊன்றுகோலுடன் ஏறுபவர் எத்தனை பேர்? அவரால் மணலில் நடக்க முடியாது, அவருக்கு வீண் சிரமம் என்று பரிவுடன் கூறி, வீட்டிலே விட்டுச் செல்கின்றோம். பரிவு என்ற பெயரில் நிகழும் ஒதுக்கல் இது. மினமாட்டாவில் அயலவர் செய்ததும் ஒதுக்கல்தான். அவர்கள் அச்சத்தினாற் செய்தனர், நாம் அன்பினாற் செய்கின்றோம் என்பதே வேறுபாடு.

மணல் கடினமானது என்பது உண்மை. ஊன்றுகோல் புதையும், சக்கரம் சுழலாது, செயற்கைக் காலின் மூட்டுக்குள் உப்பும் மணலும் புகும். ஆனால் இவை தீர்க்க முடியாத தடைகளல்ல. ஐரோப்பியக் கடற்கரைகள் பலவற்றில் நீர்வரை பலகைப் பாதை இடப்பட்டுள்ளது. அகன்ற சக்கரங்கள் கொண்ட, மணலிற் புதையாத நாற்காலிகளைப் பல இடங்களில் உள்ளூராட்சி சபைகளே வழங்குகின்றன. கிறீஸில், சக்கர நாற்காலியில் இருப்பவர் எவர் துணையுமின்றிக் கடலுக்குள் இறங்கக்கூடியதாகத் தண்டவாளம் போன்ற பொறிமுறை பல கரைகளில் அமைக்கப்பட்டுள்ளது. புறப்படுமுன் ஒரு தொலைபேசி அழைப்பில் விசாரித்து அறியக்கூடிய செய்திகள் இவை.

இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் 1968 இல் உருவாக்கப்பட்ட செயற்கைக் கால், வெறுங்காலுடன் வயலிலும் சேற்றிலும் நடப்பவரை மனத்திற்கொண்டே அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்தே அவ்வகைக் கால்கள் பொருத்தப்பட்டு வந்துள்ளன. எங்கள் மண்ணின் மனிதன் எப்படி நடப்பான் என்பதை அறிந்து செய்யப்பட்ட கால் அது. நடப்பவனுக்கு ஏற்பக் காலை வடிவமைக்கலாமெனில், காண்பவனுக்கு ஏற்பக் கமராவையும் அமைத்துக்கொள்ளலாம் அல்லவா? ஒரு கை இல்லாதவர் முக்காலியைப் பயன்படுத்தலாம். முக்காலியின் கால்கள் மணலிற் புதையாதவாறு கீழே தட்டையான பலகைத் துண்டுகளை வைத்தாற் போதும். சக்கர நாற்காலியின் கைப்பிடியிலேயே கமராவைப் பூட்டிவைக்கும் பிடிகளும் உள்ளன. இன்றைய கைத்தொலைபேசிகள் குரலுக்கும் கட்டுப்படுகின்றன. நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டம் தாழ்வானது. குழந்தையும், அமர்ந்து வலை தைப்பவரும், படகின் வங்கும் அந்த மட்டத்திலேயே உள்ளன. நிமிர்ந்து நிற்பவர் காணாத கரை அது.

மறுக்கும் உரிமை

காயம்பட்டவர் காண்பவராகவேண்டும் என்று கூறும்போது, காணப்படும் வேளையிலும் அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். இங்கும் மினமாட்டாவே எமக்குப் பாடம்.

சிமித்தின் படங்களுள் உலகப் புகழ் பெற்றது, 1971 டிசம்பரில் எடுக்கப்பட்ட ஒரு படம். கருவிலேயே நஞ்சுண்டு, உடல் முறுகிப் பிறந்த 15 வயது மகளைத் தாயொருவர் குளிப்பாட்டும் காட்சி அது. குடும்பத்தின் சம்மதத்துடனேயே எடுக்கப்பட்டது. உலகம் கண்ணீர் விட்டது. மினமாட்டாவின் பெயரை உலகறியச் செய்தது அப்படமே எனலாம். அந்த மகள் 1977 இல், தமது 21 ஆவது வயதில் மறைந்தார். அதன் பின்னரும் படம் சுவரொட்டிகளிலும் நூல்களிலும் கண்காட்சிகளிலும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. மகளை இனியேனும் அமைதியாக உறங்கவிட வேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். 1998 இல் ஐலீன் அப்படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். அதன்பின் பல ஆண்டுகள் புதிய வெளியீடுகளுக்கு அப்படம் வழங்கப்படவில்லை.

அப்படம் தேவையில்லை என்று எவரும் கூறமாட்டார்கள். அது நீதிக்குத் துணை நின்றது. ஆயினும் ஒரு படம் எவ்வளவு பெரிய நன்மை செய்திருந்தாலும், அதில் இருப்பவரின் வீட்டாருக்குப் 'போதும்' என்று சொல்லும் உரிமை உண்டு. அவ்வுரிமையை மதித்ததனால் அப்படத்தின் பெருமை குறையவில்லை.

இதை நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2009 இன் பின்னர், பயண அனுமதியும் வசதியும் பெற்ற எம்மவர் பலர் விடுமுறையில் தாயகம் சென்று வருகின்றனர். முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் மட்டக்களப்பிலும் கரையோரங்களிற் கமராவுடன் நடக்கின்றனர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வாரிச் சென்ற கரைகள் அவை. அவற்றுட் பல போரின் இறுதி நாட்களைக் கண்ட கரைகளுமாகும். மயிலிட்டி மக்கள் 1990 இல் விட்டகன்ற தமது துறைமுகத்தை மீண்டும் பெற்றது 2017 இலேதான். அத்தகைய கரையில், கால் இழந்த ஒருவரோ கணவனை இழந்த ஒரு பெண்ணோ எதிர்ப்படும்போது, கேளாமலே படம் எடுத்து, அவர் பெயரையும் அறியாமல், மறுகணமே உலகெங்கும் அனுப்பிவிடுகின்றோம். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அவரும் ஒரு வீட்டுக்காரர். நாம் அவர் முற்றத்தில் நிற்கின்றோம்.

காணாமற்போன பிள்ளையின் படத்தை மார்போடு அணைத்தபடி வீதியோரத்தில் இருக்கும் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். ஒரு படத்தின் பெறுமதியை அவர்களைவிட நன்கறிந்தவர் எவருளர்? அவர்களை நாம் படம் எடுக்குமுன், அவர்கள் ஏந்தியிருக்கும் படத்தைப் பார்த்து, அதில் இருப்பவர் யார் என்று ஒரு சொல் கேட்பதே முறை.

செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களை நாம் முன்வைக்கவில்லை. ஊர்ச்சங்கங்கள் தமது அடுத்த கோடைச் சுற்றுலாவுக்குக் கரையைத் தெரிவு செய்யும்போது, பலகைப் பாதை உள்ள கரையைத் தெரிவு செய்யட்டும். வீட்டில் இருத்தப்பட்டிருக்கும் காயக்காரரின் கதவைத் தட்டி, 'அண்ணை, அக்கா, நீங்களும் வாருங்கள்' என அழைக்கட்டும். அழைத்துச் சென்றபின் அவரை நடுவில் இருத்திக் குழுப்படம் எடுப்பதோடு நின்றுவிடாமல், கமராவை அவர் கையிற் கொடுக்கட்டும். ஆண்டு மலர்களை வெளியிடுவோர், அவர் எடுத்த படத்தை அவர் பெயருடன் அட்டையில் இடட்டும். தாயகத்தில் உதவிப் பணிகளில் ஈடுபடுவோர், சக்கர நாற்காலி வழங்கும் படத்துக்குப் பதிலாக, அந்நாற்காலியில் இருந்தவாறு அவர் எடுத்த ஒரு படத்தை அனுப்புமாறு கேட்கட்டும்.

விடுமுறையிற் செல்வோர் கரையில் ஒரு நாளை முழுமையாக ஒதுக்கட்டும். காலையில் வள்ளம் வரும்போது இருங்கள். மீன் ஏலம் கூறும்போது இருங்கள். வெயிலில் வலை உலரும்போதும் இருங்கள். கமராவை மாலையில் எடுங்கள். அதற்குள் பெயர்கள் தெரிந்திருக்கும். எவர் விரும்புகின்றார், எவர் விரும்பவில்லை என்பதும் தெரிந்திருக்கும். எடுத்த படத்தின் ஒரு பிரதியை, திரும்பிவந்ததும் அவர்களுக்கே அனுப்பி வையுங்கள். தமது முகம் உள்ள படம் தமக்கே கிடைக்காத மக்கள் எமது கரைகளில் ஏராளம்.

சிமித் மூன்று மாதங்களுக்கென்று சென்று மூன்று ஆண்டுகள் இருந்தார். மினமாட்டா விரிகுடாவின் நஞ்சுச் சேற்றின்மீது மண்ணிட்டு 58 ஹெக்டேயர் நிலம் 1990 இல் உருவாக்கி முடிக்கப்பட்டது. மீன்களைத் தடுத்து வைத்த வலைவேலி 1997 இல் அகற்றப்பட்டது. அந்நிலத்தில் இன்று பூங்கா இருக்கின்றது. விரைந்து செல்லும் பயணி அங்கு எடுக்கும் படத்தில் நீலக் கடலும் பச்சைப் புல்லும் மட்டுமே இருக்கும். புல்லின் கீழே என்ன இருக்கின்றது என்பதை, அங்கு தங்கிப் படம் எடுத்தவர்களாலேயே உலகம் அறியும். எமது கரைகளுக்கும் அத்தகைய கண்கள் வேண்டும். அவை எம்மிடமே உள்ளன. அவற்றை நாம் வீட்டுக்குள் இருத்தி வைத்திருக்கின்றோம்.